குழாய்வழியா, படித்தொடரா? பென்டியம் 4, அத்லான் எக்ஸ்பி இரண்டையும் வைத்து ஒரு சோதனை

நண்பர்களுக்கு வணக்கம்.

கணினிச் செயலியில் ஒரு கட்டளையின் வேலையைப் பல படிகளாகப் பிரித்து நடத்தும் முறையான பைப்லைன் என்பதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று இங்கே நடந்துவரும் பேச்சை முதல் மடலிலிருந்து படித்தேன். ‘குழாய்வழி’ ஏற்கெனவே பழகிவிட்டது, எதற்கு இன்னொரு சொல் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். நானும் போன வாரம் வரை அந்தக் கட்சிதான். இப்போது இல்லை. ஏன் மாறினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் திட்டுவதானால் திட்டுங்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு பழைய மேசைக்கணினிச் செயலிகளை ஒப்பிடும் கட்டுரை. ஒன்று, 2000 நவம்பரில் இன்டெல் வெளியிட்ட பென்டியம் 4, அதன் முதல் வடிவமான வில்லமெட். இன்னொன்று, 2001 அக்டோபரில் ஏஎம்டி வெளியிட்ட அத்லான் எக்ஸ்பி 1800+. பெயரில் 1800 இருந்தாலும் அந்தச் சில்லின் துடிப்பு வேகம், அதாவது நொடிக்கு எத்தனை துடிப்பு என்பது, 1.53 கிகா ஹெர்ட்ஸ்தான். தன் பழைய அத்லானோடு ஒப்பிட்டு வைத்த எண் என்று ஏஎம்டி சொன்னது. வாங்குகிறவர்கள் யாரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை, பென்டியம் 4 1.8 கிகா ஹெர்ட்ஸுக்கு இது ஜோடி என்றுதான் படித்தார்கள். சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிக் கணினி சேர்த்தவர்களுக்கு அந்தக் காலம் நினைவிருக்கும். ‘எத்தனை கிகா?’ என்பதுதான் முதல் கேள்வி. குறைந்த கிகாவில் ஓடும் சில்லு கூடுதல் கிகாவுக்கு ஈடு கொடுக்கும் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் அன்றைய பெரும்பாலான சோதனைகளில் அது ஈடு கொடுத்தது, பலவற்றில் முந்தவும் செய்தது.

காரணம் பைப்லைனில் இருக்கிறது. அதைத்தான் நான் இப்படி எழுதியிருந்தேன்: “பென்டியம் 4இன் குழாய்வழி 20 நிலைகள் கொண்டது, அத்லானின் குழாய்வழி 10 நிலைகள் கொண்டது.” ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அக்கா மகளிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் கேட்டாள்: “மாமா, குழாய் நீளமா இருந்தா தண்ணி வந்துசேர நேரம்தானே ஆகும்? எதுக்கு வேணும்னே நீளமாப் போட்டாங்க?”

எனக்குப் பதில் வரவில்லை. அவள் கேட்டதில் தவறே இல்லை. குழாயை நீட்டினால் ஒரு லாபமும் கிடையாது. செயலியில் பைப்லைனை நீட்டுவதன் நோக்கமே லாபம்தான். அதாவது ‘குழாய்’ என்ற சொல் விஷயத்தை மறைப்பதோடு நிற்காமல், பிள்ளையை எதிர்த்திசைக்கே அனுப்பிவிடுகிறது.

அப்புறம் பரோட்டா கடையைச் சொல்லி விளக்கினேன். ஒரே ஆள் மாவு பிசைந்து, உருண்டை பிடித்து, வீசி, சுருட்டி, கல்லில் போட்டு, அடித்து எடுத்தால் ஒரு பரோட்டா முடிந்த பிறகுதான் அடுத்தது. வேலையைப் பத்துப் பேருக்குப் பிரித்துக் கொடுத்தால் எந்நேரமும் பத்துப் பரோட்டா பாதி வேலையில் இருக்கும், அவரவர் கைவேலை முடியும் நேரத்துக்கு ஒன்று தட்டில் வந்து விழும். அதே வேலையை இன்னும் பொடிப்பொடியாக நறுக்கி இருபது பேருக்குக் கொடுத்தால்? ஒவ்வொருவருக்கும் வேலை கொஞ்சம்தான், ஆகவே எல்லோரும் இன்னும் வேகமாகத் தாளம் போடலாம். அந்தத் தாளம்தான் கிகா ஹெர்ட்ஸ். இன்டெல் 20 ஆக நறுக்கியதற்குக் காரணம் இதுதான்.

இப்போது இடைஞ்சலுக்கு வருவோம். வாடிக்கையாளர் கேட்பார் என்று நாமே ஊகித்து வரிசை முழுக்கச் சாதா பரோட்டாவாக ஓடவிட்டிருக்கிறோம். அவர் வந்து வீச்சு பரோட்டா என்கிறார். வரிசையில் இருப்பதெல்லாம் வீண், முதலிலிருந்து தொடங்க வேண்டும். நிரல்களில் ஐந்தாறு கட்டளைக்கு ஒன்று ‘இப்படியா, அப்படியா’ என்று பிரியும் கிளைக் கட்டளையாக இருக்கும். எந்தப் பக்கம் பிரியும் என்று செயலி ஊகித்துக்கொண்டே ஓடுகிறது, பெரும்பாலும் சரியாகவும் ஊகிக்கிறது. தவறும்போதுதான் அடி. கணக்கு போட்டுப் பாருங்கள். 1.53 கிகா ஹெர்ட்ஸில் ஒரு துடிப்பு சுமார் 0.65 நானோ நொடி, பத்துப் படி கடக்க 6.5 நானோ நொடி. 1.8 கிகா ஹெர்ட்ஸில் ஒரு துடிப்பு சுமார் 0.56, ஆனால் இருபது படி கடக்க 11 நானோ நொடிக்கு மேல். தாளம் வேகமான சில்லுதான் ஊகம் தவறினால் அதிக நேரத்தை இழக்கிறது!

பென்டியம் 4இன் 20 படிகளில் இரண்டுக்கு இன்டெல் வைத்த பெயர் ‘டிரைவ்’. அந்த இரண்டிலும் எந்தக் கணக்கும் நடக்காது. குறிகை (சிக்னல்) சில்லின் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய்ச் சேருவதற்காக மட்டும் ஒதுக்கிய படிகள் அவை. உருண்டையை ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கென்றே ஓர் ஆளை நிறுத்தியதுபோல. தாளம் அத்தனை வேகம், ஒரு துடிப்புக்குள் தூரத்தைக் கடக்க முடியவில்லை. இந்த ஒரு விவரம் அக்கா மகளுக்கு மிகவும் பிடித்துப்போனது, எனக்கும்தான். (கட்டளையைப் பிரித்தறியும் வேலை அந்த 20இல் சேராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரித்தறிந்ததைத் தனி நினைவகத்தில் சேர்த்துவைத்துத்தான் பென்டியம் 4 இந்த எண்ணிக்கையைத் தொடங்குகிறது. இரண்டு எண்களையும் பக்கத்தில் வைக்கும்போது இது மனதில் இருக்கட்டும்.)

பென்டியம் 4 மோசமான சில்லு என்று நான் சொல்லவில்லை. வீடியோவைச் சுருக்குவதுபோல, ஒரே வகை வேலை நீளமாக ஓடும் இடங்களில், அதுவும் ஒரே கணக்கைப் பல எண்களுக்கு ஒருசேரச் செய்யும் எஸ்எஸ்இ2 கட்டளைகளுக்கென்றே எழுதிய நிரல்களில், அது நன்றாகவே ஓடியது. ஆயிரம் பேருக்குச் சாதா பரோட்டா மட்டும் என்றால் இருபது பேர் வரிசைதான் சரி. ஆனால் 2004இல் பிரெஸ்காட் வடிவத்தில் அதை 31 படியாக நீட்டினார்கள், வேகம் 3.8 கிகா ஹெர்ட்ஸோடு நின்றது. 4 கிகா ஹெர்ட்ஸ் சில்லு வருமென்று அறிவித்து, பிறகு அதைக் கைவிட்டார்கள். 2006இல் வந்த கோர் 2 திரும்ப 14 படிக்கு இறங்கிவிட்டது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். இந்தக் கதை முழுவதையும் தாங்கும் சொல் வேண்டும். வேலையைத் துண்டாக்குவது, கைமாற்றிக் கொடுப்பது, எல்லோரும் ஒரே நேரத்தில் இயங்குவது, மூன்றும் தெரிய வேண்டும்.

‘கைமாற்றுத்தொடர்’ என்று ஓர் ஐயா எழுதியிருந்தார். பொருள் மிகப் பொருத்தம். ஆனால் கைமாற்று என்றாலே நம் ஊரில் வட்டியில்லாமல் வாங்கும் சின்னக் கடன் நினைவுக்கு வருகிறது. ‘கைவரிசை’ அதைவிடச் சிக்கல், திருட்டுச் செய்தியில்தான் அந்தச் சொல்லைப் பார்க்கிறோம். இலங்கை நண்பர் சொன்ன ‘அஞ்சல்தொடர்’ என்னை வெகுநேரம் யோசிக்கவைத்தது. நாங்கள் தொடரோட்டம் என்பதை அங்கே அஞ்சலோட்டம் என்கிறார்கள், கோலைக் கைமாற்றும் படம் உடனே வந்துவிடுகிறது. தமிழ்நாட்டுப் பிள்ளைக்கோ அஞ்சல் என்றால் தபால்தான். கடலின் இரு கரைக்கும் ஒன்றாக நிற்கும் சொல் வேண்டும் என்பதால் மனமில்லாமல் அதை விடுகிறேன். ‘படிவரிசை’ அழகுதான், ஆனால் வரிசை என்பதைத் தரவமைப்புப் பாடத்தில் கியூவுக்குக் கொடுத்துவிட்டோம்.

ஆகவே என் முன்மொழிவு ‘படித்தொடர்’. படிக்கட்டு என்பதில் க் மிகுவதுபோல இங்கே த் மிகும். படி என்றால் வாசி, நகல், அளக்கும் படி என்று பல பொருள் உண்டே என்று ஒருவர் முன்கூட்டியே கேட்டிருந்தார். உண்டு. ஆனால் படிநிலை, படிமுறை இரண்டிலும் யாரும் குழம்பியதை நான் பார்த்ததில்லை. பின்னால் வரும் சொல் பொருளைக் கட்டிவிடுகிறது.

இந்தச் சொல்லிலிருந்து மற்றவை எளிதாகப் பிறக்கின்றன என்பதும் எனக்குப் பெரிய காரணம். ஸ்டேஜ் என்பது வெறும் ‘படி’. பென்டியம் 4 ‘20 படித்தொடர்’, அத்லான் ‘10 படித்தொடர்’. ஆங்கிலத்தில் ஆழம் என்பார்கள், நமக்குத் தொடர் நீளும், குறுகும், ஆகவே ‘தொடர்நீளம்’ போதும். பபிள் என்பதைக் குமிழி என்று எழுதியிருக்கிறார்கள், அதுவும் குழாயோடு ஒட்டிக்கொண்டு வந்த சொல். உள்ளே வேலையில்லாமல் நகரும் படிதானே அது, ‘வெறும்படி’ என்கிறேன். ஊகம் தவறி எல்லாவற்றையும் வீசுவது ‘தொடர் கலைத்தல்’.

யூனிக்ஸ் இயங்குதளத்தில் ஒரு நிரலின் விளைவை இன்னொன்றுக்கு அனுப்பும் பைப்புக்கு ‘குழாய்’ அப்படியே இருக்கட்டும். அங்கே உண்மையிலேயே தரவு ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறுகிறது, சொல் பொருந்துகிறது. எரிவாயு கொண்டுபோவதற்குக் ‘குழாய்வழி’யைவிட நல்ல சொல் கிடைக்காது. ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காக நாமும் மூன்று இடத்துக்கும் ஒன்றையே வைக்க வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. முந்தைய கட்டளையின் விடைக்காகத் தொடர் காத்து நிற்பதை, ஸ்டால் என்பதை, ‘தேக்கம்’ என்று எழுதிவைத்திருக்கிறேன். அதிலும் தண்ணீர் வந்துவிடுகிறது. ‘நிறுத்தம்’ என்றால் பேருந்து வந்து நிற்கிறது. அக்கா மகள் ‘காத்திருப்பு’ என்கிறாள். இந்த மூன்றில் எது, அல்லது நாலாவதாக வேறு ஏதாவது உண்டா? புதன்கிழமைக்குள் எழுதினால் கட்டுரையில் சேர்த்துவிடுவேன்.

அன்புடன்