மாதாமாதம் கிரேடர் ஓட்டியும் கிராவல் ரோடு தகர ஷீட் மாதிரி வரி வரியாக ஆகிவிடுகிறது: எங்கே தப்பு?

காற்றாடி_ரோடு:

பணகுடிப் பக்கம் காற்றாலைகளுக்குப் போகும் கிராவல் ரோடு. நீளம் 2.4 கி.மீ., அகலம் 5 மீட்டர். அடியில் பழைய 40 மி.மீ. ஜல்லித் தளம், மேலே செங்கிராவல். மாதம் ஒரு தடவை கேட்டர்பில்லர் 120 கிரேடரை (நடுவில் நீள பிளேடு வைத்து ரோட்டைச் சீவிப் பரப்பும் மெஷின்) வாடகைக்கு எடுத்து மூணு பாஸ், அதாவது மூணு ஓட்டம் இழுக்கிறோம். வேகம் மணிக்கு 10-12 கி.மீ. இருக்கும். தண்ணி அடிக்கிறதில்லை, ரோலரும் கிடையாது. வண்டி ஓடி ஓடி இறுகிவிடும் என்று விட்டுவிடுகிறோம்.

இழுத்த அன்றைக்கு ரோடு அருமையாக இருக்கும். 15 நாளில் மறுபடி வரி விழுந்துவிடும். மேட்டுக்கு மேடு 70 செ.மீ., பள்ளம் 3 செ.மீ. ஏற்றத்திலும் வளைவிலும் கேட்டுக்கு முன்னாலும்தான் ரொம்ப மோசம். ரோட்டின் நடு ஓரத்தைவிட 3 செ.மீ.தான் உயரம். ரெண்டு ஓரத்திலும் புல் முளைத்து வரப்பு கட்டின மாதிரி நிற்கிறது, மழை பெய்தால் தண்ணி அதற்குள்ளேயே தேங்குது.

முழு நீளத்துக்கும் 100 மி.மீ. புதுக் கிராவல் போட எஸ்டிமேட் போட்டிருக்கிறோம், 550 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) வருது. போடலாமா, இல்லை இருக்கிற மண்ணை வைத்தே சரிபண்ண முடியுமா?

செம்மண்_ஓவர்சியர்:

எஸ்டிமேட்டை இப்போதைக்கு ஓரமாக வைங்க. இதே மாதிரி இழுத்தால் புதுக் கிராவலும் நாலு மாதத்தில் இந்த நிலைக்குத்தான் வரும்.

காய்ந்த ரோட்டில் பிளேடு போடுவதுதான் மூல காரணம். கிராவலில் கல்லைக் கல்லோடு பிடித்து வைப்பது அதில் இருக்கும் களித்தூள். உலர்ந்த தளத்தைச் சுரண்டினால் அந்தத் தூள் தனியாகப் பிரியும். உங்க ஊரில் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை அடிக்கிற காற்றுக்கு அது ரோட்டில் நிற்காது. மிச்சம் உருளும் கல்லும் மணலும்தான். பிடிமானம் இல்லாத அந்த மண்ணை டயர் தட்டித் தட்டித் தள்ளும்போது வரி விழும். ஏற்றத்தில் சக்கரம் உந்துது, வளைவிலும் கேட்டிலும் பிரேக் பிடிக்குது. அதனால்தான் அங்கே முதலில் வருது. ஆக நீங்கள் மாதாமாதம் இழுத்தது ரோட்டைத் திருத்தவில்லை, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் களியைக் காற்றில் விட்டிருக்கிறது.

இரண்டாவது தப்பு, மேட்டைச் சீவிப் பள்ளத்தை நிரப்புவது. பள்ளத்தின் அடி அப்படியே இறுகிக் கிடக்கும், மேலே போட்டது பொலபொலவென்று இருக்கும். நாலு வண்டி போனால் அதே இடத்தில் அதே பள்ளம். பள்ளத்தின் அடிக்கும் கீழே இன்னும் 2.5 செ.மீ. வெட்டணும். உங்களுக்கு மேட்டு உச்சியிலிருந்து 5.5 செ.மீ. ஆழம். குண்டு குழிக்கும் இதே கணக்குதான்.

வெட்டுவதற்கு முன் 400 மீட்டருக்கு ஒரு குழி வீதம் தோண்டி, ஜல்லிக்கு மேலே செங்கிராவல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளங்க. 8 செ.மீ.க்குக் கீழே இருக்கிற இடத்தில் அப்படியே வெட்டினால் 40 மி.மீ. கல் மேலே வந்துவிடும், பிறகு அதை அடக்கவே முடியாது. அந்த இடத்துக்கு மட்டும் புதுக் கிராவல்.

மேல்தளக் கிராவலுக்கு அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் வைத்திருக்கும் அளவு நல்ல வழிகாட்டி: பெரிய கல் 20 மி.மீ.க்குள், 75 மைக்ரான் சல்லடையில் இறங்கும் தூள் 4 முதல் 15 சதவீதம், பிளாஸ்டிசிட்டி இண்டெக்ஸ் (களியின் பிசுபிசுப்பைக் காட்டும் எண்) 4 முதல் 12. நம்ம ஆட்கள் பெரும்பாலும் கல்லைத்தான் பார்க்கிறார்கள், தூளைப் பார்ப்பதில்லை. லேபுக்கு அனுப்பும் முன் கையிலேயே பார்க்கலாம். டீ வடிகட்டியில் சலித்த தூளைத் தண்ணி விட்டுப் பிசைந்து 3 மி.மீ. தடிமனுக்குத் திரி மாதிரி உருட்டுங்க. எவ்வளவு தண்ணி விட்டாலும் திரி நிற்காமல் உதிர்ந்தால் களி இல்லை என்று அர்த்தம்.

பிளேடு_12அடி:

மண்ணைப் பற்றி ஓவர்சியர் சார் சொல்லிட்டார். நான் மெஷின் பக்கம் சொல்றேன்.

வேகம் ரொம்ப ஜாஸ்தி. 5-லிருந்து 8 கி.மீ.க்குள் ஓட்டச் சொல்லுங்க. 10 தாண்டினால் மெஷின் குதிக்கும், பிளேடே வரி போட்டுட்டுப் போகும். வண்டி ஓடாமலேயே ரோட்டில் வரி தெரிந்தால் அது கிரேடர் போட்ட வரி. வேகம் சரியாக இருந்தும் குதித்தால் டயர் காற்றைப் பாருங்க. நாலு பின் டயரிலும் ஒரே அளவு இருக்கணும். அப்புறம் சர்க்கிளில் (பிளேடைத் தாங்கித் திருப்பும் வளையம்) ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்து, தேய்மானத் தகடும் ஷிம்மும் (இடைவெளியை அடைக்கும் மெல்லிய தகடு) சரிபண்ணச் சொல்லுங்க.

பிளேடு கோணம்: ரோட்டுக்கு நேர் குறுக்காக நிற்பதை 0 என்று வைத்தால் 30-லிருந்து 45 டிகிரி. 30-க்குக் கீழே போனால் மண் பின்முனைக்கு வழியாமல் முன்முனையைச் சுற்றி வெளியே சிந்தும். 40 டிகிரியில் 12 அடி பிளேடு தரையில் 2.8 மீட்டர் பிடிக்கும். உங்க பாதி ரோடு 2.5 மீட்டர், அதனால் பாதிக்கு ஒரு பாஸே எட்டும். வெட்டும்போது பிளேடின் மேல் விளிம்பைப் பின்னால் சாய்க்கணும், பரப்பும்போது கொஞ்சம் முன்னால். முன் சக்கரத்தை மண் வழியும் பக்கமாக 10-15 டிகிரி சாய்த்தால் மெஷின் பக்கவாட்டில் இழுபடாது.

அடுத்தது கட்டிங் எட்ஜ், அதாவது பிளேடின் அடியில் போல்ட் போட்டு மாட்டியிருக்கும் வெட்டுத் தகடு. வாடகை மெஷினில் இதை யாரும் பார்க்கிறதே இல்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் பிடிங்க. நடுவில் 12 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரிந்தால் அந்த எட்ஜை வைத்து வாட்டம் எடுக்கவே முடியாது. தேயாத முனைகள் ஆழமாக வெட்டும், தேய்ந்த நடு மண்ணை விட்டுவிட்டுப் போகும். ரோடு கூரை மாதிரி வராமல் பானை முதுகு மாதிரி வரும். கேஸ் கட்டிங்கில் நேராக வெட்டலாம், இல்லை எட்ஜைத் திருப்பிப் போடலாம். ரெண்டுக்கும் தகடு பத்தாவிட்டால் புதுசு போடச் சொல்லுங்க. இன்னும் தேய விட்டால் போல்ட் தலையும் மோல்டுபோர்டும் (பிளேடின் வளைந்த உடல்) அடிபடும், செலவு பல மடங்கு.

வரப்பு பற்றி: பிளேடு போடுவதற்கு முன்னாடி அதுதான் போகணும். வரப்பு இருக்கிற வரைக்கும் எவ்வளவு வாட்டம் பிடித்தாலும் தண்ணி வாய்க்காலுக்குப் போகாது, ரோட்டு ஓரத்திலேயே ஓடி அரிக்கும். அங்கே கிடப்பது உங்க ரோட்டிலிருந்து போன கிராவல்தான், தூக்கிக் கொட்டிடாதீங்க. டிராக்டரில் ரோட்டவேட்டர் போட்டு ரெண்டு தடவை ஓட்டினால் புல் வேரிலிருந்து மண் உதிரும். புல்லைக் காயவிட்டு அள்ளிப் போட்டுட்டு மண்ணை மட்டும் உள்ளே இழுங்க. வேரோடு உள்ளே போனால் அது மக்கி அந்த இடம் பொத்தென்று இறங்கும்.

காற்றாடி_ரோடு:

ரெண்டு பேருக்கும் நன்றி சார். ஆறு இடத்தில் தோண்டிப் பார்த்தோம். நாலு இடத்தில் செங்கிராவல் 9-லிருந்து 11 செ.மீ. ஏற்றத்தில் தோண்டின ரெண்டு குழியில் 4-5 செ.மீ.தான் இருக்கு, அப்படி மெலிந்த பகுதி மொத்தம் சுமார் 300 மீட்டர். திரி உருட்ட வரவே இல்லை. லேபிலும் 75 மைக்ரான் தூள் 3 சதவீதம், பிளாஸ்டிசிட்டி இல்லை என்று வந்திருக்கு. எட்ஜ் நடுவில் 18 மி.மீ. தேய்ந்திருக்கு, மாற்றித் தந்தால்தான் மெஷின் எடுப்போம் என்று சொல்லிட்டோம்.

களிக்கு ரெண்டு இடம் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று குளத்துக் கருமண், இன்னொன்று திசையன்விளைப் பக்கத்துச் சிவப்பு மண். எது போடலாம், எவ்வளவு? நடு உயரம் எவ்வளவு வைக்கணும்?

செம்மண்_ஓவர்சியர்:

ரெண்டுமே வேண்டாம். குளத்துக் கருமண் கரிசல் வகையாக இருந்தால் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். மழையில் டிரெய்லர் ஏறாது. குளத்து மண் என்றால் அனுமதி வேலையும் தனி. திசையன்விளைப் பக்கம் இருப்பது தேரி மணல். நிறம் சிவப்பே தவிர அது முக்கால்வாசிக்கு மேல் மெல்லிய மணல்தான். அதைப் போட்டால் இருக்கிற வியாதி இன்னும் கூடும். பிசைந்தால் கையில் ஒட்டுகிற, திரி உருட்ட வருகிற செம்மண்ணைத் தேடுங்க. லேபில் தூள் 60 சதவீதம் வாக்கில், பிளாஸ்டிசிட்டி 20 பக்கம் இருந்தால் போதும்.

கணக்கு இதுதான். இப்போது தூள் 3, வேண்டியது 9, செம்மண்ணில் 60. 9-ல் 3 போக 6. 60-ல் 3 போக 57. 6-ஐ 57-ஆல் வகுத்தால் 10.5 சதவீதம், அதாவது பத்தில் ஒரு பங்கு. மேடு பள்ளம் சராசரி பார்த்தால் நீங்கள் வெட்டுவது 4 செ.மீ. இறுகிய மண், உடைந்ததும் 5 செ.மீ. கி.மீ.க்கு 250 கன மீட்டர். அதில் பத்தில் ஒன்று 25 கன மீட்டர், 9 யூனிட். மொத்தமாகக் கொட்டாமல் 110 மீட்டருக்கு ஒரு யூனிட்டாக இறக்குங்க. முதலில் 100 மீட்டர் மட்டும் கலந்து திரி உருட்டிப் பார்த்துவிட்டு மிச்சத்தைப் போடுங்க. களி கூடிப்போனால் மழையில் வழுக்கும், எடுக்கவும் முடியாது.

2.4 கி.மீ.க்குச் செம்மண் 22 யூனிட். ஏற்றத்தில் 300 மீட்டருக்கு 4 செ.மீ. கனம் கூட்ட, இறுகும்போது அளவு குறைவதற்காக 1.3 மடங்கு வைத்துக் கிராவல் 28 யூனிட். ஆக 50 யூனிட். 550 தேவையில்லை.

நடு உயரம்: 4 சதவீத வாட்டம். பாதி அகலம் 2.5 மீட்டருக்கு 10 செ.மீ. இப்போது 3 இருக்கிறது, 7 கூட்டணும். இதற்கு 7 செ.மீ. மண் கொட்ட வேண்டியதில்லை. ஓரத்தில் 3.5 வெட்டி நடுவில் 3.5 ஏற்றினால் வித்தியாசம் 7 ஆகிவிடும், வரப்பிலிருந்து மீட்கும் மண்ணும் அதற்குக் கைகொடுக்கும். சரிபார்க்க 2 மீட்டர் நேர்க்கம்பும் ரசமட்டமும் போதும். கம்பின் ஒரு முனையை நடுவில் வைத்து மட்டம் பிடித்தால் மறுமுனைக்கு அடியில் 8 செ.மீ. இடைவெளி இருக்கணும். 25 மீட்டருக்கு ஒரு தடவை பாருங்க. 6 சதவீதத்தைத் தாண்ட விடாதீங்க. தாண்டினால் எல்லா வண்டியும் நடுவிலேயே ஓடும், உயரமான லோடு சாயும்.

பிளேடு_12அடி:

வேலை வரிசை சொல்லிடறேன். காற்றில் சீக்கிரம் காயும், அதனால் 500 மீட்டர் துண்டாக எடுங்க. ஒரு துண்டைத் திறந்தால் அன்றைக்கே ரோலர் போட்டு மூடணும்.

முதல் நாளே தண்ணி அடித்து ஊறவிடுங்க. காலையில் இடப் பாதியை ஓரத்திலிருந்து நடுவுக்கு வெட்டி இழுங்க, அப்புறம் வலப் பாதியை. நடுவில் 40 செ.மீ. உயரத்துக்கு ஒரு குவியல் நிற்கும். ஏற்கெனவே இறக்கின செம்மண்ணை அதன் மேல் விரித்துவிட்டு, தண்ணி அடித்துக்கொண்டே குவியலை ஒரு ஓரத்துக்கும் அங்கிருந்து மறு ஓரத்துக்கும் உருட்டணும். நிறம் ஒரே மாதிரி வரும் வரை, குறைந்தது ரெண்டு தடவை. 2 சதவீத ஈரத்தில் இருக்கும் மண்ணை 8-க்குக் கொண்டுவர 500 மீட்டருக்கு 12,000 லிட்டர் வேண்டும், ஒரு டேங்கர். காற்று நாளில் ஒன்றரை. கைப்பிடி மண்ணை இறுக்கிப் பிடித்தால் உருண்டை நிற்கணும், உள்ளங்கை நனையக் கூடாது. கீழே போட்டால் ரெண்டு மூணு துண்டாக உடையணும்.

பிறகு குவியலை நடுவுக்குக் கொண்டுவந்து ரெண்டு பக்கமும் 4 சதவீதத்தில் பரப்புங்க. கடைசிப் பாஸை நடுக்கோட்டின் மேல் பிளேடை மட்டமாக வைத்து இழுக்க விடாதீங்க. ரோட்டைப் பளபளப்பாகக் காட்ட ஆபரேட்டர்கள் இதைச் செய்வாங்க. எடுத்த முதுகு, அதாவது நடு உயரம், அதில் போயிடும்.

8-10 டன் ரோலர், ஓரத்திலிருந்து நடுவுக்கு. அதிர்வோடு நாலு, அதிர்வில்லாமல் ரெண்டு. ஓரத்தில் உருண்டு நிற்கும் கல்லை உள்ளே இழுத்த பிறகு ரோலர் வைங்க.

கல்வெர்ட்_காவல்:

விட்டுப்போன ரெண்டு இடம். தார் ரோட்டில் சேரும் முனைக்கு 30 மீட்டர் முன்பிருந்தே நடு உயரத்தைப் படிப்படியாகக் குறைத்து, தார் மட்டத்தோடு சேருங்க. கேட்டிலும் அப்படித்தான். முதுகோடு போய் முட்டினால் அங்கே பள்ளம் விழும். வளைவில் கூரை வடிவம் வேண்டாம், உள்பக்கம் தாழ ஒரே சரிவாக எடுங்க. கல்வெர்ட் குழாய் (ரோட்டுக்கு அடியில் தண்ணி கடக்கும் குழாய்) முனைகளில் சிவப்புத் துணி கட்டின கம்பு நடுங்க. புல்லுக்குள் குழாய் வாய் தெரியாமல் பிளேடு உடைத்துவிட்டுப் போவது அடிக்கடி நடக்கிறது.

எப்போது செய்வது என்பதும் முக்கியம். காற்று சீசனில் ரோட்டைக் கிளறவே வேண்டாம். வரி விழுந்தாலும் மணிக்கு 30 கி.மீ. என்று போர்டு வைத்துப் பொறுத்துக்கொள்ளுங்க. அக்டோபரில் வடகிழக்கு மழை முதல் ரெண்டு பெய்து தரை நனைந்ததும் இந்தப் பெரிய வேலையை எடுத்தால் டேங்கர் செலவு பாதியாகும். அதன் பிறகு டிசம்பர் வரை ஒவ்வொரு நல்ல மழைக்கும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ, மண் ஈரமாக இருக்கும்போதே, 1-2 செ.மீ. மட்டும் லேசாக இழுங்க. பிப்ரவரி, மார்ச்சில் தேவைப்பட்டால் தண்ணி அடித்து ஒரு தடவை. தேதி பார்த்து மாதாமாதம் மெஷின் எடுக்கும் வாடகை ஒப்பந்தத்தை மாற்றி, மழை பெய்ததும் அழைத்தால் வருகிற மாதிரி மணிக்கணக்கில் பேசிக்கொள்ளுங்க.