மைக்ரோடிக் ரவுட்டர்: தடை விதி போட்டதும் எங்கள் கிளைக் கடையும் வெளியே நிற்கிறது

வணக்கம். அண்ணனின் இரும்புக் கடைக்கு மைக்ரோடிக் ரவுட்டரைப் பொருத்திக் கொடுத்தது நான்தான். இப்போது திட்டு வாங்குவதும் நான்தான்.

பில் போடும் மென்பொருள் 192.168.88.10 என்ற கணினியில் 8069 போர்ட்டில் ஓடுகிறது. கிளைக் கடைக்காக, வெளியிலிருந்து 8090-க்கு வருவதை அங்கே திருப்பிவிட்டிருந்தேன். போன வாரம் பதிவேட்டைத் திறந்தால், முன்பின் தெரியாத முகவரிகளிலிருந்து இரவு முழுக்கக் கடவுச்சொற்களைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

உடனே இன்புட் செயினில் (ரவுட்டருக்கே வரும் போக்குவரத்துக்கான விதி வரிசை) ஒரு தடை விதி போட்டேன். ஒரு பாக்கெட்கூடச் சிக்கவில்லை. திருப்பிவிடப்பட்ட போக்குவரத்து ஃபார்வர்டு செயின் (ரவுட்டரைக் கடந்து போவதற்கான விதி வரிசை) வழியாகப் போகும் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதை.

இப்போது ஃபார்வர்டில் கிளையின் முகவரிக்கு 8090-ஐ அனுமதித்து, அதற்குக் கீழே வெளியிலிருந்து வரும் மற்ற புது இணைப்புகளைத் தடுத்திருக்கிறேன். தடை விதியின் எண்ணிக்கை ஏறுகிறது. அனுமதி விதியில் பூஜ்யம். போர்ட் மாற்றம் அதற்கு முன்பே நடந்துவிடுவதால், அங்கே 8069 என்றுதான் எழுத வேண்டுமா?

இன்னொன்று. கிளை ரவுட்டரின் வெளி முகவரி 100.64 என்று தொடங்குகிறது. அதாவது இணைய நிறுவனம் பல சந்தாதாரர்களுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து கொடுக்கிறது. அந்தப் பொது முகவரியை அனுமதித்தால் முன்பின் தெரியாத மற்றவர்களுக்கும் வழி திறக்குமே! பேசாமல் 8090-ஐ மூடிவிட்டு, இரண்டு கடைகளையும் மறையாக்கத்தோடு இணைக்கும் விபிஎன் ஆன வயர்கார்டுக்கு மாறிவிடலாமா? கடை ரவுட்டரில் இருக்கும் இயங்குதளம் ரவுட்டர்ஓஎஸ் 7. கிளையிலிருந்து இணைப்பைத் தொடங்கினால் போதும்தானே?

விதிப் பட்டியல் வேண்டுமென்றால் கேளுங்கள், பொது முகவரியை மறைத்துவிட்டு அனுப்புகிறேன்.