500 பவுண்டில் எட்டு நாள் லண்டன்: போகலாமா, காத்திருக்கலாமா?

மெய்ப்பு:
வணக்கம். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பதினெட்டு வருடமாக மெய்ப்பு (அச்சுப் பிழை) திருத்துகிறேன். செப்டம்பரில் தனியாக லண்டன் போக நினைத்திருக்கிறேன். எட்டு நாள், ஏழு இரவு. விமான டிக்கெட்டுக்கும் விசாவுக்கும் பணம் தனியாக எடுத்து வைத்தாயிற்று. அது போகக் கையில் 500 பவுண்டு இருக்கும். தங்குவது, சாப்பாடு, சுற்றுவது எல்லாம் அதற்குள்தான். கடன் வாங்க மாட்டேன்.

ஏன் லண்டன் என்றால், பிரிட்டிஷ் நூலகத்தில் கூட்டன்பர்க் பைபிள் இருக்கிறது. 1455 வாக்கில் அச்சானது, ஐரோப்பாவில் தனித்தனி உலோக எழுத்தைக் கோத்து அச்சிட்ட முதல் பெரிய புத்தகம். வாழ்நாள் முழுக்க அச்சுத்தாளைப் பார்த்தே பிழைத்தவள், அந்த ஒரு பக்கத்தை நேரில் பார்க்க ஆசை. அண்ணன் திட்டுகிறார். "ஊர் ஊராய்ப் போய் வாசலில் நின்று பார்த்துவிட்டு வருவதற்கு இவ்வளவு செலவா, அந்தக் காசுக்கு நகை எடுத்து வை" என்கிறார். போனவர்கள் சொல்லுங்கள், இந்தப் பணத்தில் போவது சரியா?

கணக்குப்பிள்ளை:
சகோதரி, உங்கள் ஆசை நியாயமானது. ஆனால் உங்கள் அண்ணன் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. 2018-ல் நாங்கள் மூன்று பேர் இதே மாதிரி இறுக்கிப் பிடித்த பணத்தோடு போனோம். அரச நகைகள் இருக்கிற பழைய கோட்டையான டவர் ஆஃப் லண்டன் வாசலில் என் மகள் "உள்ளே போகலாமாப்பா" என்று கேட்டாள். மூன்று டிக்கெட் எடுத்தால் மறுநாள் சாப்பாட்டில் கை வைக்க வேண்டும். போகவில்லை. ஆற்றங்கரையில் நின்று மதில்சுவரைப் பார்த்துவிட்டு வந்தோம். இத்தனை வருடம் கழித்தும் எனக்கு லண்டன் என்றால் அந்த வாசல்தான் ஞாபகம் வருகிறது.

இன்றைக்கு டவர், வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயம் எல்லாம் ஓர் ஆளுக்கு 30 பவுண்டு, அதற்கும் மேலே. இன்னும் இரண்டு வருடம் பொறுங்கள். 900, 1000 பவுண்டோடு போங்கள். ஒவ்வொரு காபிக்கும் மனசுக்குள் ரூபாய்க் கணக்குப் போட்டுக்கொண்டே நடப்பது ஊர் சுற்றுவது ஆகாது.

ஈஸ்ட்ஹாம்வாசி:
பதினான்கு வருடமாக இங்கே இருக்கிறேன். கணக்குப்பிள்ளை ஐயாவின் வருத்தம் புரிகிறது. ஆனால் காசு கேட்கிற இடங்களை மட்டும் வைத்து லண்டனை எடை போடுகிறார். ஐரோப்பாவில் பாரிஸ், ரோம் மாதிரி இடங்களில் பெரிய அருங்காட்சியகத்துக்குள் நுழையவே பணம் வேண்டும். இங்கே அப்படி இல்லை. பிரிட்டிஷ் மியூசியம் 1759-ல் திறந்தது, 1974-ல் சில மாதம் தவிர அன்றிலிருந்தே நுழைவுக் கட்டணம் இல்லாத இடம். கட்டணம் வாங்கிக்கொண்டிருந்த மற்ற தேசிய அருங்காட்சியகங்களிலும் 2001 டிசம்பரிலிருந்து நிரந்தரக் காட்சிகளுக்குக் கட்டணம் கிடையாது. நேஷனல் கேலரி, டேட் மாடர்ன், விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம், பக்கத்திலேயே இயற்கை வரலாறு, அறிவியல். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கொடுத்தாலே ஆறு நாள் போய்விடும்.

மெய்ப்பு அக்கா, உங்களுக்கென்றே ஒரு பாதை சொல்கிறேன். கிங்ஸ் கிராஸில் இறங்கினால் பிரிட்டிஷ் நூலகம் ஐந்து நிமிட நடை. அங்கே அரிய நூல்களுக்கென்று ஒரு கூடம் இருக்கிறது, கட்டணம் இல்லை. நீங்கள் தேடும் பைபிளும், அரசரின் அதிகாரத்துக்கு வரம்பு போட்ட பழைய சாசனமான மேக்னா கார்ட்டாவும் அங்கேதான். அங்கிருந்து தெற்கே நடந்தால் டாவிஸ்டாக் சதுக்கத்தில் காந்தி உட்கார்ந்திருப்பார், 1968-ல் வைத்த சிலை. இன்னும் கொஞ்சம் நடந்தால் ரஸல் சதுக்கத்தின் ஓரம், சோவாஸ் கல்லூரி வளாகத்தில் திருவள்ளுவர். அதைத் தாண்டினால் பிரிட்டிஷ் மியூசியம், உள்ளே சோழர் கால நடராசரும் அமராவதிச் சிற்பங்களும். இத்தனையும் ஒரே நாளில், நடந்தே. ஒரு பைசா செலவில்லை.

இன்னொரு நாள் ஃப்ளீட் தெரு. இங்கிலாந்தின் முதல் அச்சாளர் காக்ஸ்டன் 1476-ல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். அவருக்குப் பின்னால் அந்தத் தொழிலை நடத்திய விங்கின் டி வோர்ட் 1500 வாக்கில் அச்சு இயந்திரத்தை ஃப்ளீட் தெருவுக்கு மாற்றினார். அந்தத் தெரு அச்சுத் தெருவாக, பிறகு பத்திரிகைத் தெருவாக ஆனது அதிலிருந்துதான். அங்கே செயின்ட் பிரைட்ஸ் தேவாலயத்தைப் பத்திரிகைக்காரர்களின் கோயில் என்பார்கள். அச்சகத்தில் பதினெட்டு வருடம் இருந்தவர் அந்தத் தெருவில் நடப்பதற்கு எதற்காக இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும்?

கணக்குப்பிள்ளை:
இலவச இடங்கள் நிறைய இருக்கின்றன, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அருங்காட்சியகத்தில் படுக்க முடியாது. தங்கும் செலவைச் சொல்லுங்கள்.

ஈஸ்ட்ஹாம்வாசி:
ஈஸ்ட் ஹாம் பக்கம் தமிழர் வீடுகளில் அறை கிடைக்கும். தெருவில் இறங்கினால் தோசைக்கடை, மளிகைக்கடை, முருகன் கோயில். தனியாக வருகிற பெண்ணுக்கு அது ஒரு தைரியம்.

செண்பகம்:
இதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. நான் போன வருடம் தனியாகப் போய் வந்தேன். ஈஸ்ட் ஹாமிலிருந்து ட்யூப்பில், அதாவது சுரங்க ரயிலில், நகர மையத்துக்குப் போனால் ஒரு நாள் உச்சவரம்பு (எத்தனை முறை ஏறினாலும் அன்றைக்கு அதற்கு மேல் பிடிக்காத தொகை), பேருந்துச் செலவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மிச்சம் பிடிக்கப் பேருந்தில் போகலாம் என்றால் 115-ம் எண் ஆல்ட்கேட்டோடு நின்றுவிடும், அங்கே வேறு வண்டி மாற வேண்டும். போக வர இரண்டு, இரண்டரை மணி நேரம் போய்விடும். எட்டு நாளில் அது இரண்டு முழுப் பகல். அக்கா லண்டனுக்கு வருவது ஈஸ்ட் ஹாம் தோசை சாப்பிட இல்லை.

கிங்ஸ் கிராஸ் பக்கம் பெண்களுக்கு மட்டுமான ஹாஸ்டல் அறையில் ஒரு படுக்கை எடுங்கள். ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து பிக்காடில்லி லைன் ட்யூப் நேராக அங்கே வருகிறது, வண்டி மாற வேண்டாம். எலிசபெத் லைன் என்கிற இன்னொரு ரயில் வேகம்தான், ஆனால் கட்டணம் இரண்டு மடங்குக்கு மேல். பூட்டு ஒன்று கொண்டு போங்கள், அலமாரி தருவார்கள், பூட்டு தர மாட்டார்கள்.

என் கணக்கு இது. படுக்கை இரவுக்கு 30 வைத்து 210. நான் போனபோது பேருந்து ஒரு முறைக்கு 1.75, ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை வண்டி மாறினாலும் அதே காசு. ஒரு நாளுக்கு 5.25-க்கு மேல் எடுக்கவில்லை, எட்டு நாளுக்கு 42. விமான நிலையம் போக வர 12. சாப்பாடு நாளுக்கு 14 என்றால் 112. ஆக 376. மிச்சம் 124 பவுண்டு.

பேருந்தில் காசு வாங்க மாட்டார்கள், 2014-லேயே நிறுத்திவிட்டார்கள். தொட்டால் போதும் என்கிற கார்டுதான். எட்டு நாளும் அதே கார்டைத் தொட வேண்டும், மாற்றி மாற்றித் தொட்டால் உச்சவரம்பு வேலை செய்யாது.

நடையாளி:
சாப்பாட்டுக்கு 112 எதற்கு? சவுத்ஹாலில் பெரிய குருத்வாரா, அதாவது சீக்கியர் கோயில், இருக்கிறது. அங்கே லங்கர் என்கிற பொதுப் பந்தியில் யார் போனாலும் வயிறாரச் சாப்பாடு, காசு இல்லை. நான் ஐந்து நாள் அப்படித்தான் சாப்பிட்டேன். முதல் இரவு விமான நிலைய நாற்காலியிலேயே படுத்துக்கொண்டால் இன்னொரு 30 மிச்சம்.

கணக்குப்பிள்ளை:
இதைத்தான் நான் பயந்தேன். 41 வயதோ 51 வயதோ, தனியாக வருகிற ஒரு பெண்ணை விமான நிலையத்தில் படுக்கச் சொல்கிறீர்கள். லங்கர் பசித்தவனுக்கு. விமானத்தில் பறந்து வந்தவன் வரவு செலவுக் கணக்கில் அதை எழுதிக்கொள்வது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

நடையாளி:
ஐயா, விமான நிலையத்தை விடுங்கள், அது என் வயசுக்குச் சரி, அக்காவுக்கு வேண்டாம். ஆனால் லங்கர் பற்றிச் சொன்னது தவறு. நீ பணக்காரனா ஏழையா என்று யாரும் கேட்பதில்லை, எல்லோரும் ஒரே தரையில் உட்காருவதுதான் அதன் அடிப்படையே. வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் மாலை வழிபாட்டுக்குப் போனால் கட்டணம் இல்லை. அப்படி உள்ளே போங்கள் என்று எல்லாப் பயணிகளும் சொல்கிறார்கள். அது சரி, இது மட்டும் தப்பா?

ஈஸ்ட்ஹாம்வாசி:
நல்ல கேள்வி. என் பதில், இரண்டுக்கும் ஒரே விதி. அபேக்குப் போனால் வழிபாடு முடியும்வரை உட்கார வேண்டும், படம் எடுக்கக் கூடாது, பாதியில் எழுந்து சுற்றிப் பார்க்கக் கூடாது. குருத்வாராவுக்குப் போனால் தலையை மூடிக்கொண்டு போங்கள், தரிசனம் செய்யுங்கள், சாப்பிடுங்கள், சாப்பிட்ட பிறகு பத்துத் தட்டு கழுவிக் கொடுங்கள். ஒரு முறை அப்படிப் போனால் அது உங்கள் பயணத்திலேயே நல்ல நாளாக இருக்கும். ஐந்து நாளும் போவதை நான் செய்ய மாட்டேன். அதோடு கிங்ஸ் கிராஸிலிருந்து சவுத்ஹால் நகரத்தின் மேற்கு ஓரம். போக வருகிற காசில் ஒரு வேளை சாப்பிட்டுவிடலாம்.

நடையாளி:
தட்டு நானும் கழுவினேன். ஐந்து நாளும் கழுவினேன். அதனால் எனக்கு இதில் குற்ற உணர்வு இல்லை.

செண்பகம்:
சாப்பாடு பற்றி. சூப்பர் மார்க்கெட்டில் மதியம் மீல் டீல் என்று சாண்ட்விச், ஒரு நொறுக்கு, ஒரு பானம் சேர்த்து 4 பவுண்டு வாக்கில் கிடைக்கும். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், ஒரு பாட்டில் போதும். ராத்திரிக்கு ஹாஸ்டலில் பொதுச் சமையலறை இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். ஆனால் குட்டி ரைஸ் குக்கரை மட்டும் கொண்டு போகாதீர்கள். எங்கள் அறையில் ஒரு பெண் அதைச் செருகியதில் ஆவி பட்டுத் தீ எச்சரிக்கை மணி அடித்துவிட்டது. இரவு பதினோரு மணிக்குக் கட்டிடம் முழுக்கத் தெருவில் வந்து நின்றோம், குழந்தைகளோடு. அவள் அழுதுவிட்டாள், பாவம்.

கணக்குப்பிள்ளை:
செண்பகத்தின் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. 30 என்பது செவ்வாய், புதன் விலை. வெள்ளி, சனி இரவுகளில் அதே படுக்கை சட்டென்று ஏறும். செப்டம்பர் கூட்டமான மாதம். 210 அல்ல, 260 என்று வையுங்கள். மிச்சம் 124 அல்ல, 74. காலில் அடிபட்டால்? கைபேசி தொலைந்தால்? இன்னொன்று, விசா. 2025 ஏப்ரலில் 127 பவுண்டு ஆக்கினார்கள், மறுத்தாலும் திருப்பித் தர மாட்டார்கள். வங்கிக் கணக்கில் பணம் குறைவு என்று யாராவது ஒரு லட்சம் கடனாகப் போட்டுக் காட்டச் சொல்வார்கள். செய்யாதீர்கள். திடீரென்று வந்த பணம்தான் முதலில் சந்தேகத்தைக் கிளப்பும். பதினெட்டு வருடச் சம்பளச் சீட்டும் முதலாளியின் விடுப்புக் கடிதமும் அதைவிடப் பலமான சான்று.

செண்பகம்:
வெள்ளி, சனி விலை பற்றி நீங்கள் சொன்னது சரி, நான் விட்டுவிட்டேன். அப்படியானால் ஞாயிறு இறங்கி அடுத்த ஞாயிறு கிளம்புவதற்குப் பதில், சனி மதியம் இறங்கி வெள்ளி இரவு விமானம் ஏறட்டும். ஏழு நாள், ஆறு இரவு, அதில் விலை ஏறும் இரவு ஒன்றுதான். ஒரு நாள் குறைந்தாலும் கையில் 100-க்கு மேல் நிற்கும்.

மெய்ப்பு:
எல்லோருக்கும் நன்றி. கணக்குப்பிள்ளை ஐயா, உங்கள் மகள் கேட்டதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆனால் எனக்கு டவர் வேண்டாம். மகுடமும் மணியும் பார்க்க எனக்கு ஆசையே இல்லை, அதனால் அந்த வாசலில் எனக்கு வருத்தம் வராது. ஒன்றே ஒன்றுக்குக் காசு கொடுத்துப் போக ஆசை. ஷேக்ஸ்பியர் நாடகம் எங்காவது குறைந்த காசில் பார்க்க முடியுமா?

ஈஸ்ட்ஹாம்வாசி:
முடியும். தேம்ஸ் கரையில் ஷேக்ஸ்பியர்ஸ் குளோப், பழைய அரங்கைப் போலவே கட்டி 1997-ல் திறந்தது. மேடைக்கு முன்னால் நின்று பார்க்கிற டிக்கெட் 5 பவுண்டிலிருந்து 10 பவுண்டுக்குள். மேடையைத் தொட்டுக்கொண்டு நிற்கலாம், 60 பவுண்டு கொடுத்தவருக்கும் அந்த இடம் கிடைக்காது. மூன்று மணி நேரம் நிற்க வேண்டும், தரையில் உட்கார விட மாட்டார்கள். மேலே கூரை இல்லை, குடை விரிக்கக் கூடாது, மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். முந்திய நாள் அதிகம் நடக்காதீர்கள்.

அப்புறம் கிரீனிச். தேம்ஸுக்கு அடியில் 1902-ல் கட்டிய நடைபாதைச் சுரங்கம் இருக்கிறது. ஆற்றுக்குக் கீழே நடந்தே மறுகரை போகலாம், கட்டணம் இல்லை.

கணக்குப்பிள்ளை:
சரி. நான் பொறுங்கள் என்று சொன்னது மூன்று பேர் குடும்பத்தை மனதில் வைத்து. ஒற்றை ஆள், இன்னது பார்க்க வேண்டும் என்று தெரிந்து போகிறவர் என்றால் என் பேச்சு அவ்வளவாகப் பொருந்தாது. ஆனாலும் ஒரு நிபந்தனை. அந்த 100 பவுண்டைத் தனிக் கவரில் போட்டுப் பெட்டிக்கு அடியில் வையுங்கள். அவசரம் என்றால் தவிர அதைத் தொடக் கூடாது. பயணக் காப்பீடு எடுக்காமல் விமானம் ஏறக் கூடாது. இந்த இரண்டும் இல்லையென்றால் என் வாக்கு இன்னும் "போகாதீர்கள்"தான்.

மெய்ப்பு:
இரண்டும் செய்கிறேன் ஐயா. சனி மதியம் இறங்குகிறேன். ஞாயிறு காலை முதல் வேலை நூலகம்.

செண்பகம்:
ஞாயிறு தாமதமாகத் திறப்பார்கள், நேரத்தை முந்திய இரவே அவர்கள் தளத்தில் பார்த்துவிடுங்கள். அப்புறம் அந்தக் கூடத்தில் விளக்கு ரொம்ப மங்கலாக இருக்கும், பழைய தாள் கெடக் கூடாது என்பதற்காக. படிக்கிற கண்ணாடியைப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள், கைப்பையில் வையுங்கள்.