விளைவு மாறினால் தீர்ப்பு மாற வேண்டாமா?

கேள்வி:
அன்றாட அறச்சிக்கல்கள் பற்றி ஒரு சிறு ஆய்வு. இருவர் வண்டி ஓட்டியபடியே கைபேசியைப் பார்க்கிறார்கள். ஒருவருக்கு எதுவும் ஆகவில்லை. மற்றவர் ஒருவர்மீது மோதிவிடுகிறார். முன்னோட்டமாகச் சிலரிடம் இவற்றைக் கதைகளாகக் கொடுத்து, செய்தது எவ்வளவு தவறு என்று மதிப்பெண் போடச் சொன்னேன். இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண்தான் விழுகிறது. ஏன்?

பதில் 1:
இரண்டு கதையையும் ஒரே ஆளிடம் கொடுத்தீர்களா? பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், "செய்தது ஒன்றுதானே" என்று சுதாரித்து எண்ணைச் சமன் செய்துவிடுவார்கள். ஆளுக்கு ஒரு கதை, அதுவும் குலுக்கல் முறையில்.

பதில் 2:
கேள்வியிலும் கோளாறு இருக்கலாம். "எவ்வளவு தவறு?" என்பது வேறு, "எவ்வளவு தண்டனை தகும்?" என்பது வேறு. உளவியலாளர் ஃபைரி குஷ்மன் 2008இல் காட்டியது இதைத்தான்: தவறு என்ற தீர்ப்பு பெரும்பாலும் செய்தவரின் நோக்கத்தையும், அவர் என்ன தெரிந்து செய்தார் என்பதையும் பார்க்கிறது, பழியும் தண்டனையும் நேர்ந்த கேட்டையும் சேர்த்துக்கொள்கின்றன. இரண்டுக்கும் தனித்தனி 1–7 அளவுகோல் வையுங்கள். "சரியா, தப்பா" என்று மட்டும் கேட்டால் இந்த வேறுபாடு காணாமல் போகும்.

பதில் 3:
"வேண்டுமென்றே செய்தாரா?" என்று முதலில் கேட்காதீர்கள். பார்க்க அப்பாவியான கேள்வி, உண்மையில் அப்படியில்லை: விளைவு நல்லதா கெட்டதா என்பதே அதன் பதிலை மாற்றிவிடும். தத்துவ அறிஞர் ஜோஷுவா நோப் 2003இல் வெளியிட்ட சோதனையில், லாபம் மட்டுமே குறியான ஒரு நிறுவனத் தலைவரின் திட்டம் சுற்றுச்சூழலைக் கெடுத்தபோது 82% பேர் "வேண்டுமென்றே கெடுத்தார்" என்றார்கள். அதே அலட்சியத்தோடு செய்த திட்டம் நன்மை தந்தபோது "வேண்டுமென்றே" என்றவர்கள் 23% மட்டுமே.

கேள்வி கேட்டவர்:
ஆளுக்கு ஒரு கதை என்றால் ஆள் எண்ணிக்கை இரட்டிக்குமே?

பதில் 1:
இரட்டிக்கும், சில சமயம் அதற்கு மேலும். ஏனென்றால் மதிப்பெண் போடும் பழக்கம் ஆளுக்கு ஆள் மாறும். கதையைப் புரிந்துகொண்டார்களா என்று சோதிக்க ஒரு கேள்வியைக் கடைசியில் சேருங்கள்.