நகராட்சி கலை மானியம்: இலவச நிகழ்ச்சியில் எனக்கும் ஊதியம் போடலாமா?

நிழல்காரி

எல்லோருக்கும் வணக்கம். நான் நிழல் பொம்மலாட்டம் செய்கிறவள். அட்டையில் பொம்மை வெட்டி, வெள்ளைத் துணிக்குப் பின்னால் விளக்கு வைத்து ஆட்டுவது. இதுவரை பள்ளிக்கூடங்களிலும் தெரிந்தவர்கள் வீட்டு விசேஷங்களிலும்தான் ஆட்டியிருக்கிறேன். அக்கம்பக்கத்தில் இலவசமாகக் கலை நிகழ்ச்சி நடத்தும் உள்ளூர்க் கலைஞர்களுக்கு எங்கள் நகராட்சி ஒரு சிறு மானியம் தருகிறது என்று தெரிந்து, முதல்முறையாக விண்ணப்பம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கடைசித் தேதிக்கு இன்னும் 12 நாள் இருக்கிறது.

திட்டம் இதுதான். பூங்காவில் ஒரு சனிக்கிழமை. மதியம் பிள்ளைகளோடு பொம்மை வெட்டும் பட்டறை, இருட்டியதும் அவர்கள் வெட்டியதையும் சேர்த்துக்கொண்டு 40 நிமிட ஆட்டம்.

பட்ஜெட்டில்தான் மாட்டிக்கொண்டேன். கேட்கும் தொகையை 100 என்று வைத்துக்கொண்டால், துணி, சட்டம், விளக்கு, அட்டைக்கு 35, ஒலிபெருக்கி வாடகை 15, என்னோடு ஆட்டும் இரண்டு பேருக்கு 25, நோட்டீஸ் போஸ்டருக்கு 10, இதர செலவு 15. எனக்கென்று ஒன்றும் போடவில்லை. இலவச நிகழ்ச்சி என்று சொல்லிவிட்டு நானே அதில் சம்பளம் எடுத்தால் தேர்வுக்குழு என்ன நினைக்கும் என்று கூச்சமாக இருக்கிறது. சும்மா செய்து தருகிறவளுக்குத்தான் முதலில் கொடுப்பார்கள் என்கிறாள் என் தங்கை. உண்மையா? அப்புறம், இந்தப் பணம் முன்கூட்டியே கையில் வருமா?

முன்னாள்_குழு

இப்படி ஒரு தேர்வுக்குழுவில் இரண்டு வருடம் உட்கார்ந்தவன் நான், எந்த ஊர் என்பது வேண்டாம். உங்கள் தங்கை சொல்வது தவறு.

"கலைஞர் ஊதியம்: 0" என்ற வரியைப் பார்த்தால் எங்களுக்கு 'எவ்வளவு நல்ல மனசு' என்று தோன்றாது, இவர் ஒரு நிகழ்ச்சியை முழுதாக நடத்திப் பார்த்ததில்லையோ என்றுதான் தோன்றும். மதிப்பெண் தாளில் பெரும்பாலும் மூன்று விஷயங்கள் இருக்கும்: கலைத்தரம் எப்படி, அந்தப் பகுதிக்காரர்களுக்கு என்ன கிடைக்கும், சொன்னதை இவரால் நடத்தி முடிக்க முடியுமா. உங்கள் பூஜ்ஜியம் மூன்றாவதில்தான் அடி வாங்கும். ஒருமுறை எழுத்து அருமையாக இருந்த ஒரு விண்ணப்பத்தில் இதே பூஜ்ஜியம். குழுவில் இருந்த ஒரு நடனக்காரர் பென்சிலால் அந்த வரியைத் தட்டிக்கொண்டே, "அதே வாரம் இவருக்குக் காசு தரும் வேலை ஒன்று வந்தால் எதைச் செய்வார்?" என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை, அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விட்டோம்.

இலவசம் என்பது பார்க்க வருகிறவருக்கு, உழைக்கிறவருக்கு இல்லை. இது புதிய யோசனையும் கிடையாது. அமெரிக்காவில் பொருளாதார மந்தம் அடித்துப் போட்டிருந்த 1935-இல் ஃபெடரல் தியேட்டர் ப்ராஜெக்ட் என்று அரசே ஒன்றைத் தொடங்கி, வேலை இழந்த நாடகக்காரர்களுக்குச் சம்பளம் கொடுத்து ஊர் ஊராக ஆட வைத்தது. உங்களைப் போன்ற பொம்மலாட்டக் குழுக்களும் அதில் இருந்தன. பெரும்பாலான ஆட்டங்களுக்கு டிக்கெட்டே கிடையாது, ஆடியவர்களுக்கோ கூலி உண்டு. (1939-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் பணத்தை நிறுத்தி இழுத்து மூடியது, அது அரசியல், தனிக்கதை.) கொரோனாவுக்குப் பிறகு 2021-இல் நியூயார்க் நகரம் 3,000-க்கும் மேற்பட்ட கலைஞர்களுக்குத் தலைக்கு 5,000 டாலர் கொடுத்தது. பதிலுக்கு மக்களுக்கு ஏதாவது ஒரு நிகழ்ச்சி நடத்த வேண்டும், அவ்வளவுதான். கலைஞர் கையில் காசு போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அந்தத் திட்டத்தின் நோக்கமே.

உங்கள் பட்ஜெட்டில் எனக்கு உறுத்துவது வேறு வரி. இதர செலவு 15! அது எதற்கு என்று ஒருவர் கேட்டால் உங்களிடமே பதில் இருக்காது. அதை உடைத்துப் பெயர் வையுங்கள், இல்லை எடுத்துவிடுங்கள்.

வீடியோ மாதிரி கேட்டிருந்தால், வணக்கம் சொல்லி அறிமுகம் செய்யும் பகுதியை வெட்டி எறியுங்கள். ஒரே மாலையில் நாற்பது விண்ணப்பம் பார்க்கிறவன் முதல் அரை நிமிடத்தைத்தான் ஒழுங்காகப் பார்ப்பான். பொம்மை அசைவதிலிருந்து தொடங்கட்டும்.

பேரேடு

கலைஞர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. மேலே சொன்னவரோடு ஒத்துப்போகிறேன், ஆனால் "ஊதியம் போடுங்கள்" என்று சொல்லிவிட்டு எவ்வளவு என்று சொல்லாமல் போனால் எப்படி?

நேரத்தை எண்ணுங்கள். 40 நிமிட ஆட்டம் என்கிறீர்கள். கதை எழுத எத்தனை மணி, பொம்மை வெட்ட எத்தனை மணி, ஒத்திகை, பூங்கா அலுவலகத்துக்கு அலைவது, அந்த மதியப் பட்டறை, மறுநாள் எல்லாவற்றையும் கழற்றிச் சுமந்து திரும்புவது, கடைசியில் அறிக்கை எழுதுவது. உட்கார்ந்து எழுதினால் 70, 80 மணிக்குக் குறையாது என்பது என் அனுபவம். பள்ளிக்கூடத்தில் ஆட்டினால் மணிக்கு என்ன வாங்குகிறீர்களோ அதைப் போட்டுப் பெருக்குங்கள். மொத்தமும் மானியத்தில் அடங்காது, பரவாயில்லை, அடங்குகிற மட்டும் ஊதியம் என்று காட்டி மீதியை 'கலைஞரின் பங்களிப்பு' என்று வரவிலும் செலவிலும் எழுதுங்கள். சில மானியங்களில் நீங்களும் ஈடாக ஒரு பங்கு போட வேண்டும் என்ற விதி இருக்கும், அங்கே இது கைகொடுக்கும். கலைஞரின் சொந்த உழைப்பைப் பங்காக ஏற்பார்களா என்று மட்டும் விதிமுறையில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே மணி நேரத்தை ஊதியம், பங்களிப்பு இரண்டிலும் எழுதிவிடாதீர்கள், ஊதியம் வாங்கிய நேரம் பங்களிப்பு ஆகாது.

கூச்சம் இன்னும் போகவில்லை என்றால், கனடாவில் கார்ஃபாக் என்று ஓவியர், சிற்பிகளுக்கான அமைப்பு ஒன்று இருக்கிறது, 1968-இல் தொடங்கியது. கண்காட்சிக்கு, உரைக்கு, பட்டறைக்கு ஒரு கலைஞருக்குக் குறைந்தபட்சம் என்ன கொடுக்க வேண்டும் என்று அட்டவணையே போட்டு வெளியிடுகிறது. அதைத் திறந்து பாருங்கள். தொகை உங்கள் ஊருக்குப் பொருந்தாது, ஆனால் எதற்கெல்லாம் காசு கேட்கலாம் என்ற பட்டியல் பொருந்தும்.

பணம் எப்போது வரும் என்று கேட்டீர்கள். மூன்று விதம் உண்டு: முழுதும் முன்பணம், பாதி முன்னால் பாதி அறிக்கைக்குப் பின்னால், இல்லாவிட்டால் நீங்கள் செலவழித்து ரசீது கொடுத்த பிறகு திருப்பித் தருவது. கடைசி விதத்தில்தான் கலைஞர்கள் கடனில் விழுவது. விதிமுறையில் 'ஈடுசெய்யப்படும்' என்ற சொல் வந்தால் அது இந்த ரகம்.

இன்னொன்று, தனிநபருக்குத் தருகிறார்களா என்று பாருங்கள். பதிவு பெற்ற லாபநோக்கற்ற அமைப்புக்குத்தான் என்றால் அப்படி ஒரு அமைப்பின் பெயரில் நுழைய வேண்டியிருக்கும், ஃபிஸ்கல் ஸ்பான்சர் என்பார்கள், வரும் தொகையில் பெரும்பாலும் 5 முதல் 10 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள். அதுவும் பட்ஜெட்டில் ஒரு வரி. மானியப் பணம் பல நாடுகளில் வருமானமாகவே பார்க்கப்படும், வந்த அன்றே வரிக்கு ஒரு பகுதியைத் தனியாக ஒதுக்கி வையுங்கள்.

வரிகட்டுபவன்

தப்பாக நினைக்க வேண்டாம். எங்கள் தெருவிளக்கு மூன்று மாதமாக எரியவில்லை, கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள். இங்கே என்னடா என்றால் பொம்மலாட்டத்துக்கு ஊதியம் எவ்வளவு போடுவது என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பிடித்தவர்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கட்டுமே?

முன்னாள்_குழு

நியாயமான எரிச்சல்தான். ஆனால் இரண்டும் ஒரே பையிலிருந்து வருவதாக நினைக்காதீர்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் 1961 முதல் ஓட்டல் வரியில் ஒரு பகுதியைக் கலைக்கு ஒதுக்குகிறார்கள், அதாவது வந்து தங்கிப் போகிற வெளியூர்க்காரர் கட்டுவது. எல்லா ஊரிலும் அப்படி இல்லை, பொது நிதியிலிருந்தே எடுக்கும் ஊர்களில் உங்கள் கேள்வி செல்லும். டிக்கெட் போட்டால், டிக்கெட் வாங்குகிற பகுதியில் மட்டும்தான் ஆட்டம் நடக்கும். பூங்காவில் இலவசம் என்றால் யோசிக்காமல் வந்து நிற்பவர்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் இந்த ஏற்பாடு.

தாளக்கட்டை

மேளம் வாசிப்பவன், இந்த மாதிரி மானியம் இரண்டு முறை வாங்கியிருக்கிறேன். முன்னாள்_குழு சொல்வதில் ஒரு சின்னத் திருத்தம். மானியத்தில் இத்தனை சதவீதத்துக்கு மேல் விண்ணப்பித்தவரே எடுக்கக்கூடாது என்று சில இடங்களில் வரம்பு வைத்திருக்கிறார்கள். விதிமுறையைப் பார்க்காமல் ஊதியத்தை ஏற்றிவிட்டு, தகுதி இல்லை என்று முதல் சல்லடையிலேயே போய்விடாதீர்கள். குழுவின் கண்ணுக்கே வராது.

பேரேடு சொன்ன மூன்றாவது ரகத்தில் நான் விழுந்திருக்கிறேன். முதல் தடவை எல்லாச் செலவையும் கிரெடிட் கார்டில் தேய்த்தேன், பணம் வர ஐந்து மாதம் ஆனது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள், மைக் வாடகை ரசீதில் தேதி இல்லை! வட்டிக்குப் போனது என் ஊதியத்தில் பாதி. அதற்குப் பிறகு ரசீதை வாங்கின உடனே கடைக்காரர் முன்னாலேயே போட்டோ எடுத்துவிடுகிறேன், தேதி இல்லாவிட்டால் அங்கேயே நின்று எழுதச் சொல்கிறேன்.

உங்கள் பட்டியலில் இன்ஷூரன்ஸ் வரியே இல்லை. பொது இடம் என்றால் யாராவது ஒயரில் தடுக்கி விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்பார்கள், ஒரு நாளுக்கு மட்டும் எடுக்கும் பொறுப்புக் காப்பீடு கிடைக்கும், அந்தச் சான்றிதழில் நகராட்சியின் பெயரையும் சேர்க்கச் சொல்வார்கள். எனக்கு இது நிகழ்ச்சிக்கு நான்கு நாள் முன்னால்தான் தெரிந்தது. உங்கள் இதர செலவு 15-இல் ஒரு பகுதி இங்கே போகட்டும். ரெக்கார்டு செய்த பாட்டு போடுவதாக இருந்தால் அதற்கும் உரிமம் வேண்டும், பூங்காவுக்கு ஏற்கனவே இருக்கிறதா என்று கேளுங்கள். நீங்களே பாட்டுக் கட்டி நேரில் பாடிவிட்டால் அந்தத் தலைவலி இல்லை.

இனி விண்ணப்பத்தில் வராத விஷயம். என் பழைய குழுவில் ஒரு நிழலாட்டக்காரர் இருந்தார், அவரோடு பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆறடி உயரத் துணியைத் திறந்த வெளியில் கட்டினால் அது பாய்மரம். மேலே மட்டும் கட்டினீர்களோ, முதல் காற்றுக்கே ராஜாவும் மந்திரியும் வயிறு ஊதி மிதப்பார்கள், பிள்ளைகள் கதையை விட்டுவிட்டு அதற்குத்தான் சிரிக்கும். கீழ் விளிம்பை மடித்துத் தைத்து உள்ளே ஒரு குழாயைச் செருகுங்கள், நாலு பக்கமும் எலாஸ்டிக் கயிறு போட்டுச் சட்டத்தோடு இழுத்துக் கட்டுங்கள், சட்டத்தின் காலில் மணல் மூட்டை. மின்சாரத்துக்கு, பூங்காவில் பிளக் இருக்கிறது என்று சொன்னால் நம்பாதீர்கள், அந்தப் பெட்டியின் சாவி யாரிடம் என்று கேளுங்கள். எங்களுக்குப் பிளக் இருந்தது, சாவி வைத்திருந்தவர் சனிக்கிழமை விடுமுறை.

முக்கியமாகத் தேதி. கோடையில் சில ஊர்களில் ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அதற்குள் பாதிப் பிள்ளைகள் தூங்கிவிடும். அன்றைக்குச் சூரியன் எத்தனை மணிக்கு மறைகிறது என்று பாருங்கள், அதற்கு மேல் அரை மணி கழித்துத்தான் துணியில் நிழல் நிற்கும். அதற்கு முன்னால் ஒருநாள் ராத்திரி பூங்காவுக்குப் போய் விளக்குக் கம்பம் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். வெளிச்சம் துணியின் முன்பக்கம் விழுந்தால் பொம்மை வெளிறிப்போகும்.

நிழல்காரி

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி உட்கார்ந்து நேரத்தை எண்ணினேன், 83 மணி வந்தது. அதில் பொம்மை வெட்டுவது மட்டும் 31. எனக்கே நம்ப முடியாமல் இரண்டாவது தடவையும் கூட்டிப் பார்த்தேன்.

விதிமுறையைத் திரும்பப் படித்தேன். விண்ணப்பித்தவர் 40 சதவீதம் வரை எடுக்கலாமாம், அது ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது, நான் ஆறோடு நிறுத்தியிருக்கிறேன். பணம் பாதி முன்னால், பாதி அறிக்கைக்குப் பிறகு. சொந்த உழைப்பையும் பங்களிப்பாகக் காட்டலாம். புது பட்ஜெட்: எனக்கு 30, உடன் ஆட்டும் இருவருக்கு 25, துணி விளக்கு அட்டை 22 (சட்டத்தைக் கடன் வாங்கிக்கொள்கிறேன்), ஒலி 10, இன்ஷூரன்ஸ் 8, நோட்டீஸ் 5. இதர செலவு போயே போய்விட்டது. எனக்கான 30-இல் அடங்காத மணிகளைப் பங்களிப்பு என்று காட்டியிருக்கிறேன். தங்கையிடம் காட்டினேன், "இதை முதலிலேயே செய்வதற்கென்ன" என்கிறாள்.

தாளக்கட்டை அண்ணா, இன்று சாயங்காலம் பூங்காவுக்குப் போய்ப் பார்த்தேன். நான் துணி கட்ட நினைத்த இடத்துக்கு நேர் எதிரே பெரிய விளக்குக் கம்பம், பளிச்சென்று எரிகிறது. நாளைக்கு அலுவலகத்தில் பிளக் சாவியோடு அதை அணைக்க முடியுமா என்றும் கேட்க வேண்டும்.

வரிகட்டுபவன் சார், அணைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டால் உங்கள் தெருவுக்கே வந்து ஆட்டட்டுமா? அங்கே இருட்டு ஏற்கனவே தயாராக இருக்கிறதே.

வரிகட்டுபவன்

வாருங்கள். துணி கட்ட என் வீட்டு மதில் இருக்கிறது. ஆனால் அன்றைக்கென்று பார்த்து விளக்கைச் சரிசெய்துவிட்டால் நான் பொறுப்பில்லை.