தமிழில் பேசும் மனநல ஆலோசகர் யாராவது தெரியுமா?

வணக்கம். அக்கா இங்கே சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையில் தாதி. 2020 ஏப்ரலில் வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகளில் கோவிட் பரவியபோது, தமிழ் தெரியும் என்பதால் கட்டிலுக்குக் கட்டில் அவளைத்தான் கூப்பிட்டார்கள். மூச்சு வாங்கிக்கொண்டே ஊருக்கு வீடியோ காலில் பேசியவர்களுக்கு, கையுறை போட்ட கையால் போனைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அப்போதெல்லாம் அழவே இல்லை. இப்போதுதான், வாட்ஸ்அப் மணி அடித்தாலே கை நடுங்குகிறது. போன வாரம் சாம்பார்க் கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

1771 என்ற மனநல உதவி எண்ணைச் சொன்னேன். "இங்கிலீஷில் எனக்கு அழ வராதுடா" என்கிறாள். (அக்கா சொன்னால் சொன்னதுதான்.)

சரி, உட்லண்ட்ஸ், ஈசூன் பக்கம், இரவு வேலை முடித்துக் காலையில் போய்ப் பார்க்கிற மாதிரி யாராவது இருக்கிறார்களா? கட்டணம் எவ்வளவு ஆகும்? அப்புறம், இதைக் கடந்து வந்த தாதியர் யாராவது இங்கே இருந்தால் இன்பாக்ஸில் இரண்டு வரி எழுதுங்கள்.