பதினாறாம் நாள் காரியத்தை மூன்றாம் நாளே முடிக்கலாமா?

தெம்பனிஸ் வாசி:
சிங்கப்பூரில் இப்போது பல வீடுகளில் மண்டாய் தகனச்சாலையில் சாம்பல் எடுத்த கையோடு, பதினாறாம் நாள் செய்யவேண்டிய கருமாதியையும் முடித்துவிடுகிறார்கள். விடுப்பு கிடைப்பதில்லை, வீட்டில் இடமில்லை, இளையவர்களுக்கு எது எதற்கென்று தெரியவில்லை. எதைச் சுருக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈசூன் பெரியவர்:
தம்பி, ஊருக்கு ஊர், சமூகத்துக்குச் சமூகம் முறை மாறும். பொதுவானதைச் சொல்கிறேன். தகனத்துக்குக் குறித்த நேரம் உங்களுக்காகக் காத்திருக்காது. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். பயணத்துக்கு முக்கால் மணி, வாய்க்கரிசிக்கு அரை மணி, எண்ணெய் சீயக்காய் வைப்பதற்கும், உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவரும் நீர்மாலைக்கும் ஒரு மணி. நேரம் கைமீறிப் போவது வாய்க்கரிசி வரிசையில்தான். நெருங்கிய உறவை முதலில் விடுங்கள்.

நீங்கள் கை வைக்கக் கூடாதது கொள்ளிக்குடம், அதாவது தண்ணீர்க் குடத்தை ஏந்திச் சுற்றிவந்து உடைப்பது. மண்டாயில் விறகுச் சிதை இல்லை என்பதால் பலரும் அதை அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்திலேயே செய்கிறார்கள். குடத்தைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். கொள்ளி வைப்பவர் இடத்தோளில் ஏந்தி, பெட்டியை இடப்பக்கமாக மூன்று சுற்று வருவார். சுற்றுக்கு ஒரு துளை. கத்தி முனையால் லேசாகத் தட்டினாலே போதும். ஓங்கிக் குத்தினால் முதல் சுற்றிலேயே குடம் பிளந்துவிடும். வழிகிற தண்ணீர் பெட்டி தூக்குபவர்களின் பாதைக்குப் போகாமல் சாக்கு விரித்துவிடுங்கள். அந்தத் தரை பயங்கரமாக வழுக்கும். மூன்றாவது சுற்று முடிந்ததும் குடத்தைப் பின்பக்கம் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்கவேண்டும். மனம் இன்னும் ஒப்புக்கொள்ளாத பிரிவை உடம்பு முதலில் செய்துவிடுகிறது. காசு கொடுத்து வேறொருவரைச் செய்யவைத்தால் அந்தப் பலன் வீட்டாருக்குக் கிடைக்காது.

உட்லண்ட்ஸ் செல்வி:
ஐயா சொன்ன குடத்தை ஏற்கிறேன். ஆனால் பதினாறாம் நாள் என்ற கணக்கையும் அவ்வளவு எளிதில் விட்டுவிடக் கூடாது. வாழ்க்கையின் திருப்புமுனைச் சடங்குகளில் பிரிதல், இடைநிலை, மறுபடி சேர்தல் என்று மூன்று கட்டம் உண்டு என 1909இல் வான் ஜெனெப் என்ற மானிடவியலாளர் எழுதினார். நம் தீட்டு நாள்கள்தான் அந்த இடைநிலை. மூன்றாம் நாளே முடித்தால் நடுக்கட்டமே காணாமல் போகிறது. பந்தல் பிரித்து, வந்தவர்கள் எல்லாம் போனபின் வீடு வெறிச்சோடும்போது உறவுக்காரர்கள் இரண்டாம் முறை வந்து உட்காருவதற்கு ஏற்பாடே பதினாறாம் நாள். வேலை நாளாக இருந்தால் அதற்கு முந்தைய சனி, ஞாயிறுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். புரோகிதரிடம் கேட்டால் நாள் பார்த்துத் தருவார்.

எண்ணும்போது இறந்த நாளே முதல் நாள். விடியற்காலை இரண்டு மணிக்கு உயிர் பிரிந்தால் முந்தைய நாள் கணக்கு, ஏனென்றால் நமக்கு நாள் தொடங்குவது சூரிய உதயத்தில். மரணச் சான்றிதழில் உள்ள தேதியை வைத்து எண்ணிப் பலரும் ஒரு நாள் தள்ளிப்போகிறார்கள்.

தோ பாயோ மாமா:
இன்னும் இரண்டு. சாம்பலைக் கடலில் கரைக்க ஒதுக்கிய இடம் செமாக்காவ் தீவுக்குத் தெற்கே சுமார் 2.8 கிலோமீட்டரில் இருக்கிறது. படகு முன்கூட்டியே பேசிவையுங்கள். பிளாஸ்டிக் பை, மாலை, படம் எதையும் கடலில் போடாதீர்கள். காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று, நீர்மட்டத்துக்கு அருகில் கையைத் தாழ்த்திக் கரையுங்கள். உயரத்திலிருந்து கொட்டினால் சாம்பல் நம் மேலேயே வந்து படியும்.

அடுத்தது காக்கைச் சோறு. 2020 ஜூன் முதல் இங்கே காட்டுயிர்களுக்கு உணவிடுவது குற்றம், ஆகவே தாழ்வாரத்தில் வைக்காதீர்கள். படத்துக்கு முன் இலை போட்டுப் படைத்து, தண்ணீர் சுற்றி, தீபம் காட்டிவிட்டு, வீட்டில் மூத்தவர் முதல் வாய் சாப்பிடட்டும். பிண்டம் வைத்தால் அதை என்ன செய்வதென்று புரோகிதரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள் செல்வி. கடைசி நேரத்தில் கையில் வைத்துக்கொண்டு திண்டாடுவது அதைத்தான்.